எழுபத்தொரு கஜம்

எழுபத்தொரு கஜத்துக்கு அப்பால் நடந்துபோய்க்கொண்டிருந்த வான்கோழிச் சேவல் ஒன்றை நான் ஒரே தோட்டாவில் சாய்த்தேன். எதிர்க்காற்று வேறு. நடுவில் ஓர் ஓடை. பட்டது கழுத்தில். தான் செத்துப்போன சேதி அந்தச் சேவலுக்கே உடனே எட்டவில்லை; கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்தபடி யோசித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் மேய்ந்த பெட்டை தலையைத் தூக்கி நான் இருந்த திசையைப் பார்த்தது. இவ்வளவு தொலைவிலிருந்து வர வாய்ப்பே இல்லை என்று முடிவுகட்டி, மறுபடி மேயப் போய்விட்டது.

அதிகாரியம்மா, இதை நான் வாயால் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வருத்தமில்லை. இந்த ஓசார்க் மலையில் வான்கோழி சுடுகிற எவனிடம் சொன்னாலும் அதைத்தான் செய்வான். பெட்டையே நம்பவில்லை, உங்களைச் சொல்லி என்ன பயன்.

எல்லாவற்றையும் என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். காபியும் கொடுத்தீர்கள். இந்தச் சிறையில் காபி நன்றாக இருக்கிறது, என் தங்கை நடீன் போடுவதைவிட. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

என் பெயர் டெல்மர் ஸ்டாக்ஸ்டில். ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் இந்த மலைப்பாதைகளில் வீடு வீடாக கேஸ் லாரி ஓட்டினேன். பாலமில்லாத ஓடைகளில் இறக்கி ஏற்றியிருக்கிறேன். ஒருமுறை பனியில் லாரி பின்பக்கமாகவே மலையேறியது. நான் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு தீப்பொறி பறக்கவிட்டதில்லை. கவனக்குறைவு என்ற சொல் என் மேல் ஒட்டாது. விபத்து அறிக்கையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், தூரம் சுமார் நாற்பது கஜம் என்று இருக்கிறது. இரண்டும் பொய். அந்த இரண்டையும் திருத்தத்தான் நானாகவே உங்கள் ஆபீசுக்கு வந்தேன். வேறு எந்த மனக்கசப்பும் கிடையாது.

லோவல் டாக்கெட் என் தங்கை புருஷன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீடு செய்தவன். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது என்று யாராவது அழுதால், லோவல் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்ப்பான். கீழே இறங்கி, மிகவும் மரியாதையாக, இது ஆலங்கட்டி இல்லை, சுத்தியல் என்பான். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு, "ஆமா, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று பதில் சொன்னவன்.

ஓடைக்கு மேலே எங்களுக்கு ஒரு வேட்டைக் குடிசை உண்டு. நான், லோவல், ஹாய்ட், ஆர்லிஸ். நாலு கிழவர்கள், ஒரு விறகு அடுப்பு. ஏப்ரலில் வான்கோழிப் பருவம் திறந்ததும் அங்கேதான் குடியிருப்போம். விடியுமுன் ஆளுக்கொரு மரத்தடியில் போய் உட்காருவது, பகல் ஒரு மணிக்குச் சட்டப்படி துப்பாக்கியை இறக்கிவிட்டு வந்து பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வறுத்துத் தின்றுவிட்டுப் பொய் சொல்வது. பொய்யில் நான்தான் முதல் என்று சொல்வார்கள். அது எனக்குக் குறையாகப் பட்டதில்லை. ஆனால் உண்மை பேசுகிற அன்றைக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. குறி தவறியவனின் சட்டையைப் பின்பக்கம் இழுத்து, தொங்கும் துணியைக் கத்தியால் வெட்டி, அவன் பேரை எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஆணியடிப்பார்கள். பொய் சொன்னதற்காக யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. செய்தால் எங்கள் நாலு பேருக்கும் போட்டுக்கொள்ளச் சட்டையே மிஞ்சியிருக்காது.

போன வருஷம் அந்தச் சேவலைத் தோளில் போட்டுக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். அது அவ்வளவு பெரிதாக இருந்ததால் கதவைக் கழற்ற வேண்டுமோ என்று நினைத்தேன்.

"எவ்வளவு தூரம்னு சொன்னீங்க மச்சான்?" என்றான் லோவல். கரண்டியால் உருளைக்கிழங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எழுபத்தோரு கஜம் மாப்ள. அடி வச்சு அளந்தேன்."

"முட்டி ஆபரேஷன் பண்ணின காலாலயா? அந்தக் காலால அளந்தா நாப்பதும் எழுபதாத்தான் வரும்."

"அவ்வளவு தூரம் போற குண்டுக்கு வழியில சாப்பிட ஏதாவது கட்டிக்குடுத்து அனுப்பினியா டெல்மர்?" என்றான் ஹாய்ட்.

"ஒரு போர்வையும் குடுத்துவிட்டிருக்கணும்," என்றான் ஆர்லிஸ். "போய்ச் சேர்றதுக்குள்ள பனி விழுந்துருமே."

"பறவைய நம்புறேன் மச்சான்," என்றான் லோவல். "இதோ கண்ணு முன்னால கெடக்கு. தூரத்தத்தான் நம்பல."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். ஹாய்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். லோவல் என் சட்டையை வெட்டினான். புதுச் சட்டை, நடீன் கிறிஸ்மசுக்கு எடுத்துக் கொடுத்தது. என் பேரை எழுதி, கீழே 71 என்று எழுதி, அந்த எண்ணைச் சுற்றி ஒரு அழகான வட்டம் போட்டு, அடுப்புக்கு நேர் மேலே அடித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லோரும் அந்தச் சேவலைத்தான் சாப்பிட்டார்கள். லோவல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நீங்கள் இளம் வயது, ஆகவே தூரம் என்பது எங்களுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சுடுவது ஒற்றைக் குண்டு போடுகிற ரைஃபிள் இல்லை. ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான பால்ரஸ் உருண்டைகள் சிதறுகிற ஷாட்கன். வான்கோழியை உடம்பில் சுட்டுப் பிரயோசனமில்லை. இறகு தடுத்துவிடும், ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் குறி. அதற்குள் மூளையும் தண்டுவடமும் ஒரு கட்டைவிரல் பருமன். எனவே அவரவர் துப்பாக்கியைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நூறு ஓட்டையாவது விழுகிறதா என்று எண்ண வேண்டும். எந்தத் தூரத்தில் நூறுக்குக் கீழே இறங்குகிறதோ அங்கே உங்கள் துப்பாக்கி முடிந்தது. எங்கள் அப்பன்கள் காலத்து ஈய பால்ரஸ்ஸுக்கு அது நாற்பது கஜம். நாற்பது என்பது இங்கே ஒரு வேதம். லோவல் தன் மரத்தடியில் உட்காருமுன் நாற்பது கஜம் எண்ணி அங்கே ஒரு கிளையை முறித்து வைப்பான். அந்தக் கிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வராத சேவலை, அது எதிரே நின்று கெஞ்சினாலும் சுடமாட்டான்.

அவனுக்கு அதில் கஷ்டமுமில்லை. லோவல் கூவுகிற விதம் அப்படி. ஸ்லேட்டுப் பலகையில் குச்சியைத் தேய்த்துப் பெட்டை மாதிரி இரண்டு தடவை முனகுவான். தூரத்தில் சேவல் கொக்கரிக்கும். பெட்டைதான் தன்னைத் தேடி வர வேண்டும் என்று அங்கேயே நின்று தோகையை விரித்துக்கொண்டு ஆடும். எங்களைப் போன்றவர்கள் பதறிப்போய் இன்னும் இன்னும் கூவுவோம். லோவல் வாயை மூடிக்கொள்வான். சேவல் கொக்கரிக்கும், பதில் இருக்காது. மறுபடி கொக்கரிக்கும், பதில் இருக்காது. காய்ந்த இலையை விரலால் ஒரு தடவை கீறுவான், அவ்வளவுதான்.

"பதில் சொல்லாம விட்டாப் போதும்," என்பான். "தன்னை ஒருத்தி மதிக்கலன்னு அவனுக்குத் தாங்காது. தானா நடந்து வருவான்."

வரும். தலையெல்லாம் சிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நேராகக் கிளையைத் தாண்டி வரும். அந்தப் பறவையின் முட்டாள்தனத்தைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

ஆனால் இப்போது ஈயம் மட்டுமில்லை. டங்ஸ்டன் வந்துவிட்டது. ஈயத்தைவிடக் கனம். கடுகளவு உருண்டை, ஆனால் மிளகளவு ஈயம் போகிற தூரம் தாண்டியும் வேகம் விடாது. சின்னது என்பதால் ஒரு தோட்டாவுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் அடைக்கலாம். ஒரு தோட்டா விலைக்கு இரண்டு பேர் வயிறாரக் காலைச் சாப்பாடு சாப்பிடலாம். பால்ரஸ் அகலப் பரவாமல் இருக்கக் குழலின் வாயில் திருகுகிற இறுக்கியும் அதற்கேற்றபடி வாங்கிக்கொண்டேன். லோவலுக்கு இதெல்லாம் பிடிக்காது. "தோட்டா மாறிச்சு, மச்சான் மாறலியே," என்பான்.

சட்டையை வெட்டிய பிறகு கோடை முழுக்க நான் வீட்டுப் பின்பக்கம் சுட்டுப் பார்த்தேன். முதலில் காகிதம். அறுபதில் வட்டத்துக்குள் நூறு குறையவில்லை. எழுபத்தொன்றில் குறைந்தது, ஆனால் விழுந்தவை எல்லாம் அட்டையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தன. காகிதத்துக்குத் தோல் கிடையாது. ஆகவே தர்பூசணி வைத்தேன். தர்பூசணிக்கு எலும்பு கிடையாது.

லோவலிடம் ஹோபோ என்று ஒரு கிழட்டு வேட்டை நாய் இருந்தது. காது கேட்காது. நடீன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், லோவல் பல் டாக்டரிடம் போயிருந்தான். ஹோபோ அவர்கள் வீட்டுக் களஞ்சியத்துக்கு முன்னால் வெயிலில் படுத்திருந்தது. வேலிக் கம்பத்திலிருந்து தூரம் எனக்குத் தெரியும். சுட்டதும் அது எழுந்து நின்றது. என்னைப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆள் என்பதால், வாலை ஆட்டிக்கொண்டு பாதி தூரம் வந்தது. அங்கே படுத்துக்கொண்டது. எழுபத்தொன்றில் கடுகு தோலைத் தாண்டிப் போகிறது என்பது அன்றைக்கு நிச்சயமானது. நாயும் எப்படியும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது.

குழி நானே தோண்டினேன், லோவலுக்கு முதுகுவலி. நல்ல ஆழமாக, நரி கிளறாதபடி தோண்டினேன். வயசாகி விழுந்து கிடந்தது மாப்ள என்றேன். லோவல் குனிந்து அதன் கழுத்து மயிரை விரலால் வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தான். நாய்மேல் அவ்வளவு பிரியம். அன்றைக்கு அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

குளிர்காலத்தில் யோசிக்க நேரம் கிடைத்தது. என் கஷ்டம் என்ன என்று எனக்குத் தெளிவானது. பறவை சாட்சி சொல்லாது. நாய் சொல்லாது. காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், கிட்டே வைத்துச் சுட்டீங்க என்பார்கள். பேசத் தெரிந்த குறி ஒன்று வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து பட்டது என்று அதுவே வாயைத் திறந்து சொன்னால் பிறகு யார் மறுப்பார்கள். ஹாய்ட்டைப் பற்றி யோசித்தேன். அவனுக்கு இதயத்தில் கம்பிக்குழாய் வைத்திருக்கிறார்கள், தாங்கமாட்டான். ஆர்லிஸ் வாய் சுத்தமில்லை, அவன் சாட்சி எடுபடாது. யார் சந்தேகப்பட்டானோ அவனே சாட்சியாக இருப்பதுதான் முறை என்று பட்டது. தவிர லோவலின் பேச்சை இந்த மாவட்டத்தில் யாரும் தட்டமாட்டார்கள்.

அவன் சாகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். செத்தவன் பேசமாட்டான். எழுபத்தொன்றில் பால்ரஸ் பரவலாகத்தான் வரும். மொத்தமாக ஓரிடத்தில் இறங்காது. நானும் தலைக்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிப் பிடிப்பதென்று முடிவு செய்தேன். தங்கை தாலியில் கைவைக்கிற அண்ணன் இல்லை நான்.

வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறத்தில் ஒரு நூல்கூட உடம்பில் இருக்கக் கூடாது என்பது காட்டுக்குள் முதல் விதி. புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பதே லோவல்தான். காலுறையைக்கூடக் கழற்றிக் காட்டச் சொல்வான். ஆனால் ஏப்ரலில் ஓக் மரங்கள் பூத்தால் அவனுக்குத் தும்மல் வரும். மேல்சட்டைப் பையில் பழுப்பு நிறக் கைக்குட்டை ஒன்று எப்போதும் இருக்கும். மரத்தில் சாய்ந்திருக்கும்போது கண்ணை எடுக்காமல், கையைமட்டும் மெதுவாகக் கொண்டுபோய் அதை எடுத்து மூக்கைத் துடைப்பான்.

இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் விடியுமுன் அவன் அடுப்பில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த அவன் மேல்சட்டையிலிருந்து பழுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தேன். மடிப்பு ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

"மச்சான், உங்களுக்கு முட்டை ஒண்ணா ரெண்டா?" என்றான் திரும்பிப் பார்க்காமல்.

"ரெண்டு மாப்ள," என்றேன்.

அவனுடைய வெள்ளை ஓக் மரம் எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே அங்கிருந்து ஓடைக்கு அக்கரையில் உள்ள ஒரு ஹிக்கரி மரம்வரை கயிறு பிடித்து அளந்திருந்தேன். அடி வைத்து அளந்தால் முட்டியைச் சொல்வார்கள். எழுபத்தொன்று, ஹிக்கரியின் இடப்பக்கத்து வேர்வரை. அந்த வேரில்தான் உட்கார்ந்தேன்.

வெளிச்சம் வந்தது. லோவல் இரண்டு தடவை முனகினான். மேட்டுக்கு அப்பால் ஒரு சேவல் கொக்கரித்தது. லோவல் வழக்கம்போல மௌனமானான். அழகாக இருந்தது, சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு அவன் தோள் குலுங்கியது. அடக்கிக்கொண்ட தும்மல். கை பைக்குப் போனது. இலைகளுக்கு நடுவில், முகத்துக்குப் பக்கத்தில், சிவப்பு எழுந்தது.

நான் ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுட்டேன்.

ஓடையை ஒரே தாவில் தாண்டினேன். ஆபரேஷன் செய்த முட்டிக்குக்கூட அது பிறகுதான் தெரிந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காயத்தை அழுத்திப் பிடித்தேன். ஹாய்ட்டைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்ய வைத்தேன். நான் இல்லாவிட்டால் பிழைத்திருக்கமாட்டான் என்று டாக்டரே சொன்னார். இடது கண் போய்விட்டது. இதை அறிக்கையில் யாரும் சொல்லவில்லை, ஆனால் நான் தள்ளிப் பிடித்ததால்தான் வலது கண் மிஞ்சியது.

ஆம்புலன்ஸ் வருமுன் அவன் காதருகே குனிந்து கேட்டேன். "மாப்ள, நான்தான். எங்கேருந்து சுட்டேன்னு தெரியுதா?"

வாயில் இரத்தம். மூன்று தடவை முயன்றுதான் பேச்சு வந்தது.

"பக்கத்துலருந்து," என்றான்.

என் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிவப்புக் கைக்குட்டையைப் பார்த்ததும் விசாரணை பாதி முடிந்துவிட்டது. வகுப்பெடுக்கிறவனே சிவப்பை ஆட்டினால் என்ன செய்வது என்று சாப்பாட்டுக் கடையில் சிரித்தார்கள். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவன் காதுக்கும் அது போனது. நடீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆயிருக்கும் அண்ணா," என்று அழுதாள். பக்கத்தில் என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அழுகிறவளிடம் தூரத்தைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

லைசென்ஸைப் பறித்தார்கள். அபராதம் போட்டார்கள். பொறுத்துக்கொண்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, லோவலிடம் தூரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். வறுத்த மீனும் சோளரொட்டியும் கொண்டுபோயிருந்தேன்.

"நாப்பது இருக்கும்," என்றான் லோவல். "அதுக்குள்ளயே இருக்கும்."

நீங்கள் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் சாடையாக எத்தனை தடவை பேச்சை எடுத்தேன் தெரியுமா. "ஓடை ரொம்ப அகலம்தான், இல்ல மாப்ள?" என்பேன். பதில் இருக்காது. "டங்ஸ்டன் பாரேன், எவ்வளவு தூரம் போகுது," என்பேன். பதில் இருக்காது. ஒரு கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். போன் செய்தால் எடுக்கமாட்டான். சண்டையும் போடவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. சும்மா இருந்தான். கோடை முழுக்கச் சும்மா இருந்தான். எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து எழுபத்தொன்று என்று வாய்விட்டுச் சொல்வேன்.

அக்டோபரில் குடிசையைச் சுத்தம் செய்யக் கூடினோம். என் சட்டைத் துணி அடுப்புப் புகையில் மஞ்சளாகி அங்கேயே தொங்கியது. ஆர்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, இந்த வருஷத்துக்கு டெல்மருக்கு இன்னொன்று வெட்ட வேண்டாமா என்றான். லோவல் வெகுநாளுக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"விடுங்கப்பா. மச்சானுக்குப் பார்வை மங்கிப்போச்சு. நாப்பது கஜத்துல மனுசன் தெரியல. வயசாச்சுல்ல, பாவம்."

"ஒத்தக் கண்ணன் ரெண்டு கண்ணு உள்ளவனுக்குப் பாவம் பாக்கறான்," என்றான் ஹாய்ட்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லிஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். இரக்கப்பட்டுத் தட்டினான். வெட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அதிகாரியம்மா.

நாற்பது கஜத்தில் மைத்துனனை வான்கோழி என்று நினைத்தவன் ஒன்று குருடன், இல்லை மடையன். நான் இரண்டுமில்லை. அதனால்தான் மறுநாள் காலையில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உங்கள் ஆபீசுக்கு நடந்தே வந்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஹிக்கரியின் எந்த வேர் என்று சொன்னேன். வெடித்த தோட்டாவின் கூடு அந்த மரத்துப் பொந்தில் இருக்கிறது என்று சொன்னேன். அளந்த கயிறும் அங்கேதான். பழுப்புக் கைக்குட்டை என் வண்டியின் பெட்டிக்குள் இருப்பதையும் சொன்னேன். தள்ளிப் பிடித்த ஒரு சாணையும் விடவில்லை. ஹோபோவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எழுபத்தொன்று என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொன்னேன். எழுதினீர்கள். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

நடீன் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. நான் ஜெயித்த சேதி அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டதும் நீங்கள் எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தீர்கள். உள்ளே நாற்காலியில் லோவல் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில். மரத்தில் சாய்வதுபோலச் சுவரில் சாய்ந்து, அசையாமல். எனக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்; எவ்வளவு நேரமாக அப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது.

"எல்லாம் கேட்டுச்சா?" என்றீர்கள்.

"கேட்டுச்சும்மா," என்றான். "நான் ஒண்ணும் பண்ணல. பதில் சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான். தானா நடந்து வந்தாரு."

என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. முகம் சுட, நெஞ்சு நிமிர, நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்து மேஜைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு பால்ரஸ் எடுத்து வைத்தான். இரண்டும் கடுகளவு.

"இது ஹோபோ கழுத்துலருந்து விரல்ல தட்டுப்பட்டது. இது என் கன்னத்துலருந்து டாக்டர் எடுத்துக் குடுத்தது."

பிறகு மடித்த துணி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். புகையேறிய என் சட்டைத் துணி. வட்டத்துக்குள் 71. ஆணி பிடுங்கிய ஓட்டை மேலே இருந்தது. இப்போது அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

"மாப்ள," என்றேன். "இப்பவாவது சொல்லு."

லோவல் மிஞ்சிய கண்ணால் என்னைப் பார்த்தான். கூரையிலிருந்து இறங்கி வந்து சொல்வதுபோல, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஆஸ்பத்திரியில கண்ணாடி கேட்டு வாங்கி ஓட்டையெல்லாம் எண்ணிப் பாத்தேன் மச்சான். தொப்பியிலருந்து இடுப்பு வரைக்கும் செதறியிருந்துச்சு. நாப்பதிலருந்து வந்திருந்தா எனக்குத் தலையே இருந்திருக்காது. நான் அன்னிக்கே சொல்லியிருந்தா யாரு நம்பியிருப்பா? என் சட்டையத்தான் வெட்டியிருப்பாங்க. உங்க வாயால வரணும்ல." அவன் உங்கள் பக்கம் திரும்பினான். "எழுதிக்குங்கம்மா. அந்தச் சேவலும் நெசம். இதுவும் நெசம். எழுபத்தோரு கஜம். நடந்ததுதான்."